சாணைப் பொறி வாங்குமுன்

கருவி இல்லாத வீடு இல்லை. சமையலறையில் அரிவாள்மணை, கொல்லையில் மண்வெட்டி, தாழ்வாரத்தில் வெட்டுக்கத்தி, மூலையில் கோடரி எனக் குறைந்தது நான்கு அலகுகளேனும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும். அலகு மழுங்கிய கருவி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். உடும்பஞ்சோலை மலையில் ஏலக்காட்டு வேலையை நம்பி வாழும் நம் குடும்பத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மழைக்காலம் தொடங்குமுன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கும் வேலையில், மழுங்கிய கத்தியோடு ஒரு பகல் முழுதும் நின்றவர், அன்றிரவு தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே அதன் கொடுமையை அறிந்திருப்பார். அதுவுமன்றி, கூரிய கத்தி வெட்ட வேண்டிய இடத்தில் இறங்கும். மழுங்கிய கத்தியோ வழுக்கி, வெட்டக் கூடாத இடத்தில் இறங்கும். காயங்களுள் பல மழுங்கிய அலகினால் வருவனவே.

இக்காரணம்பற்றி, "வீட்டிற்கு ஒரு சாணைப் பொறி வாங்கிவிட்டால் என்ன?" என்னும் பேச்சு நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்றது. கடைகளில் இதனைப் 'பெஞ்ச் கிரைண்டர்' என்பர். கிரைண்டர் என்றவுடன் தாய்மார்களுக்கு இட்லி மாவு நினைவிற்கு வரும், இது அதுவன்று. நடுவே ஒரு மோட்டாரும், அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொரு சாணைக்கல் வட்டும் அமைந்து, மேசைமீது திருகி நிறுத்தப்படும் பொறியே இது. போடிநாயக்கனூரிலோ கம்பத்திலோ நெடுங்கண்டத்திலோ கருவிக் கடைக்குச் சென்றால், பல அளவில் பல விலையில் இவற்றை அடுக்கி வைத்திருப்பார்கள். எதை எடுப்பது? எடுக்கத்தான் வேண்டுமா? எடுத்தபின் கண்ணுக்கும் கைக்கும் பழுது நேராமல் எங்ஙனம் ஆளுவது? இம்மூன்று வினாக்களுக்கும் இத்திங்கள் விடை காண்போம்.

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். சாணைப் பொறியைக் குதிரைத்திறன் பார்த்து வாங்குதல் கூடாது. கல்லையும் வேகத்தையும் பார்த்து வாங்குதல் வேண்டும். பொறி அலகிற்கு உருவம் கொடுக்கும். கூர்மையைக் கொடுப்பது இறுதியில் கைக்கல்லே.

எதற்குப் பொறி? எதற்குக் கைக்கல்?

முதலில் நம் வீட்டிலுள்ள அலகுகளைத் தரம் பிரித்துக்கொள்வோம். மண்வெட்டி, களைக்கொத்து, கடப்பாரை நுனி, கோடரி, உளி, கல்லில் பட்டு வாய் சிதைந்த வெட்டுக்கத்தி ஆகியவை முதல் வகை. இவற்றில் இரும்பு மிகுதி. தேய்க்க வேண்டுவதும் மிகுதி. இவற்றைக் கைக்கல்லில் தேய்த்துச் சீராக்க ஒரு பொழுது ஆகும். பொறியில் சில நிமிடமே ஆகும். பொறி பிறந்தது இவற்றிற்காகவே.

அரிவாள்மணை, காய்கறிக் கத்தி, இறைச்சிக் கத்தி, கவாத்துக் கத்தி ஆகியவை இரண்டாம் வகை. இவற்றின் அலகு மெல்லியது. நாள்தோறும் அல்லது வாரந்தோறும் சிறிது மழுங்குவதன்றி, இவை சிதைவதில்லை. இவற்றைப் பொறியில் இடுவது, முள் எடுக்கக் கோடரியை ஓங்குவது போன்றதாகும். ஒருபுறம் பரலும் மறுபுறம் நுண்மையும் கொண்ட இருபுறக் கைக்கல் ஒன்றும், சிறிது தண்ணீரும் அல்லது எண்ணெயும், ஐந்து நிமிடப் பொறுமையும் போதும். அரிவாள்மணையை ஆண்டிற்கு மூன்று முறை பொறியில் பிடித்தால், சில ஆண்டுகளில் அலகு பாதியாகக் கரைந்துவிடும்.

மூன்றாம் வகை பொறியில் இடவே கூடாதது. கதிர் அறுக்கும் பல் அரிவாளின் பற்கள் சாணையில் பட்டால் அழிந்துவிடும். அதற்கு முக்கோண அரமே உரியது. வளைந்த அரிவாளின் உட்குழிவையும் அகன்ற வட்டில் பிடித்தல் அரிது. அரை வட்ட அரமோ கைக்கல்லோ அதற்கு ஏற்றது.

ஆகவே, வீட்டில் இரண்டாம் வகை அலகுகள் மட்டுமே உள்ளவர் பொறி வாங்க வேண்டுவதில்லை. நல்ல இருபுறக் கல் ஒன்று வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தைப் பிள்ளைகளின் புத்தகத்திற்கு வைத்துக்கொள்ளலாம். முதல் வகைக் கருவிகள் பலவற்றை நாள்தோறும் ஆளுவோரே மேற்கொண்டு இவ்வாராய்ச்சியில் இறங்க வேண்டும்.

நம் மண்ணின் குருந்தம்

சாணைக்கல் நமக்குப் புதிதன்று. குருந்தம் என்னும் கல்லைப் பொடித்து, உருக்கிய அரக்கோடு கலந்து, வட்டாக வார்த்து, அதனைக் கயிற்றால் சுழற்றி வாளும் கத்தியும் மணியும் தீட்டியது இந்நாட்டுப் பழந்தொழில். வைரத்திற்கு அடுத்த கடினம் உடையது குருந்தம்; கடினத்தை அளக்கும் பத்துப் படிகளுள் வைரம் பத்தாம் படி, குருந்தம் ஒன்பதாம் படி. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளில் இக்கல் உண்டு. மேலை நாட்டார் இன்று இக்கல்லுக்கு வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயரும் நம் 'குருந்தம்' என்னும் சொல்லினின்றே சென்றதாகும். உலகத்துச் சாணைத் தொழிற்சாலைகள் அனைத்திலும் ஒரு தமிழ்ச்சொல் நடமாடுகின்றது என்பதை எண்ணுங்கால் நமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றதன்றோ?

பின்னர் மின் உலை வந்தது. அமெரிக்காவில் அச்சிசன் என்பார் 1891-இல் மின்சார உலையில் சிலிக்கன் கார்பைடு என்னும் செயற்கைப் பரலைக் கண்டார். அதன்பின் பாக்சைட்டை உருக்கி அலுமினிய ஆக்சைடு செய்யும் முறையும் வந்தது. அலுமினிய ஆக்சைடு என்பது வேறொன்றுமன்று. உலையில் பிறந்த குருந்தமே அது. நம் நாட்டில் முருகப்பா குழுமம், அமெரிக்க, ஆங்கில நிறுவனங்களுடன் கூடி 1954-இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தை நிறுவியது. அந்நிறுவனத்தின் பரல் உருக்கும் உலைகள் கேரளத்தில் கொச்சிப் பகுதியிலும் உள்ளன. கடையில் நாம் காணும் சாணை வட்டுக்கள், இப்பரல்களைக் களிமண் போன்ற பிணைப்போடு கலந்து சூளையில் சுட்டெடுத்தவையாகும். ஒரு வகையில் அவை பானைக்கு உடன்பிறப்பு. பானையைப் போலவே அவை அடிபட்டால் விரிசல் விடும். இதனை நினைவில் வைத்துக்கொள்க; பின்னர் இதற்குத் திரும்புவோம்.

சூடே பகை

கொல்லர் ஓர் அரிவாளை அடிக்குங்கால், பழுக்கக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, இரும்பைக் கடினமாக்குகின்றார். அவ்வாறு விட்டுவிட்டால் அது கண்ணாடிபோல் நொறுங்கும். ஆதலின் மீண்டும் இளஞ்சூடு காட்டி, நொறுங்காமலும் மழுங்காமலும் நிற்கும் பதத்திற்குக் கொண்டுவருகின்றார். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு உள்ள பெயரும், லாரியின் பழைய வில்பட்டையில் அடித்த கத்திக்கு உள்ள உழைப்பும் இப்பதத்தினாலேயே வருவன.

இப்பதத்தைக் கெடுப்பது மறுசூடு. வேகமாகச் சுழலும் கல்லில் மெல்லிய அலகை அழுத்திப் பிடித்தால், நுனி நொடிப்பொழுதில் சூடேறும். ஏறத்தாழ 220 பாகையில் இரும்பின் மேனி இளமஞ்சளாகும்; 260 பாகையில் பழுப்பாகும்; 280-இல் ஊதாவாகும்; 300 பாகையை நெருங்குங்கால் நீலமாகும். நீலம் ஓடிய அலகில் பெரும்பாலும் கொல்லர் ஏற்றிய பதம் இறங்கிவிட்டது என்று கொள்க. பார்வைக்குக் கத்தி பளபளவென்றிருக்கும். இரண்டு கிளை வெட்டுவதற்குள் வாய் மடங்கிவிடும். "இரும்பு கெட்டுப்போயிற்று, கொல்லன் ஏமாற்றிவிட்டான்" என்று நாம் பழி சொல்லுவோம். ஏமாற்றியது கொல்லர் அல்லர்; நம் கையின் அவசரமே. நீலம் ஓடிய பகுதியை மெல்ல மெல்லத் தேய்த்து நீக்கினாலன்றி அவ்வலகிற்கு மீட்சியில்லை.

இனிச் சாணைப் பொறியின் தேர்வு எளிதாகிவிடும். எப்பொறி குறைந்த சூட்டில் வேலை செய்யுமோ அதுவே நமக்கு ஏற்றது.

வேகமும் வட்டின் அளவும்

வீட்டுப் பொறிகள் பெரும்பாலும் 150 மில்லிமீட்டர் வட்டு அல்லது 200 மில்லிமீட்டர் வட்டு கொண்டவை. கடைக்காரர் இவற்றை ஆறு அங்குலம், எட்டு அங்குலம் என்பார். நம் நாட்டு மின்சாரத்தில், சாதாரண மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,850 சுற்று சுழலும். 'நான்கு துருவ' மோட்டார் அதில் பாதியாக, ஏறத்தாழ 1,425 சுற்று சுழலும். இவ்வெண் பொறியின் மேல் ஒட்டிய தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் அதனைப் படித்தல் வேண்டும்.

அலகைத் தொடுவது வட்டின் விளிம்பாதலின், விளிம்பின் வேகத்தையே கணக்கிட வேண்டும். 150 மில்லிமீட்டர் வட்டு 2,850 சுற்றில் ஓடுங்கால் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர், அஃதாவது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 200 மில்லிமீட்டர் வட்டு அதே சுற்றில் நொடிக்கு 30 மீட்டர் ஓடும். அதே பெரிய வட்டு 1,425 சுற்றில் நொடிக்கு 15 மீட்டரே ஓடும். எனவே கத்தி தீட்டுவோருக்கு மிக உகந்தது மெதுவாகச் சுழலும் 200 மில்லிமீட்டர் பொறி. அது எல்லாக் கடையிலும் இராது. கேட்டு வரவழைக்க வேண்டும், விலையும் கூடுதல். அது கிட்டாவிடில், 2,850 சுற்றுள்ள 150 மில்லிமீட்டர் பொறி போதும். பெரியதே நல்லது என்றெண்ணி, விரைந்து சுழலும் 200 மில்லிமீட்டர் பொறியை வீட்டிற்குக் கொண்டுவருதல் சூட்டையும் கூடவே கொண்டுவருதலாகும்.

தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடி நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 சுற்று மட்டும் சுழலும் ஈரச் சாணைப் பொறியும் உண்டு. அதில் பதம் கெடும் என்ற அச்சமே இல்லை. ஆனால் சிதைந்த மண்வெட்டியை அதில் சீராக்கப் பொறுமை மிக வேண்டும். உளியும் நுண்கத்தியும் மிகுதியாக ஆளும் தச்சருக்கே அது பொருந்தும்.

குதிரைத்திறனைப் பற்றி ஒரு சொல். ஒரு குதிரைத்திறன் 746 வாட். வீட்டு வேலைக்குக் கால் குதிரைத்திறன் முதல் அரைக் குதிரைத்திறன் வரை போதும். அழுத்தும்போது பொறி திணறுகின்றது எனின், பெரும்பாலும் நாம் அழுத்துவது மிகை என்பதே பொருள்.

கல்லின் குறியீடு

பொறியோடு வரும் கற்கள் பெரும்பாலும் சாம்பல் நிறத்தன. ஒன்று பரல், மற்றது நடுத்தரம். மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் அவை போதும். கத்திக்கும் உளிக்கும் அவை கடுமை. ஆகவே, பரல் கல்லை ஒருபுறம் இருக்கவிட்டு, மறுபுறத்திற்கு வெள்ளை அலுமினிய ஆக்சைடு வட்டு ஒன்றைத் தனியே வாங்கி மாட்டிக்கொள்வதே நாம் கூறும் முறை.

வட்டின் மேல் ஒட்டிய தாளில் ஓர் எழுத்தும் எண்ணும் கலந்த குறி இருக்கும். அதில் 36, 46, 60, 80 போன்ற எண் பரலின் நுண்மையைக் குறிக்கும். எண் பெருகப் பரல் நுண்மையாகும். ஆங்கில எழுத்து வரிசையில் முன்னுள்ள எழுத்து மெத்தென்ற பிணைப்பையும், பின்னுள்ள எழுத்து இறுகிய பிணைப்பையும் காட்டும். கத்திக்கு 60 அல்லது 80 பரலும், 'ஜே' அல்லது 'கே' என்னும் மென்பிணைப்பும் பொருந்தும். மென்பிணைப்புக் கல் விரைவில் தேய்கின்றதே என்று வருந்தற்க. மழுங்கிய பரல் உதிர்ந்து புதுப் பரல் வெளிப்படுவதனாலேயே அது குளிர்ச்சியாக வெட்டுகின்றது. இறுகிய கல்லில் மழுங்கிய பரல் உதிராமல் உராய்ந்துகொண்டே இருக்கும், உராய்வே சூடு. பச்சை நிறக் கல் மிகக் கடினமான கார்பைடு நுனிக் கருவிகளுக்கு உரியது. நம் கத்திக்கு அது வேண்டா.

புது வட்டு வாங்குங்கால் நான்கு அளவுகள் ஒத்துவர வேண்டும்: குறுக்களவு, தடிப்பு, நடுத்துளை, தாங்கும் சுற்று வேகம். வட்டில் எழுதிய மிகுதியான வேகம், பொறியின் வேகத்தினும் கூடுதலாக இருத்தல் இன்றியமையாதது.

உடற்கட்டும் மின்சாரமும்

கடையில் பொறியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிறுத்தியபின் வட்டு நெடுநேரம் அமைதியாகச் சுழன்று நிற்க வேண்டும். ஆட்டமும் உதறலும் இருத்தல் கூடாது. இரு வட்டுக்கும் இரும்பு உறையும், அலகைத் தாங்கும் மேடையும், கண்ணாடித் தடுப்பும் இருக்க வேண்டும். மேடை தகர மடிப்பாக இன்றி உறுதியாக இருத்தல் வேண்டும்; விரலால் அழுத்தினால் வளையும் மேடை, கத்தி அழுத்தினால் என்னாகும்? கனமான பொறி நல்ல பொறி. கைக்கு இலேசாக இருக்கின்றது என்பது இதில் புகழ்ச்சியன்று.

மலைப்பகுதி வீடுகளில் மின்னழுத்தம் சில வேளை தாழும். விளக்கு மங்கி எரியும் பொழுதில் மோட்டாரை ஓட்டினால், அது மிகை மின்னோட்டம் இழுத்துச் சுருணை கருகும். மூன்று முனைச் செருகியும், உண்மையாகவே மண்ணோடு இணைந்த எர்த்துக் கம்பியும், மின்கசிவு கண்டவுடன் நிறுத்தும் தடுப்பானும் இருத்தல் வேண்டும். சாரல் விழும் தாழ்வாரத்தில் பொறியை நிறுத்தாதீர்கள். நம் மலையின் மழைக்காலத்தில் நனைந்த தரைமீது நின்று மின்பொறி தொடுதல் உயிரோடு விளையாடுதலாகும்.

இன்னொரு பொறி பற்றி எச்சரிக்கை

விலை மலிவு என்பதற்காகச் சிலர் 'ஆங்கிள் கிரைண்டர்' என்னும் கைப்பொறியைச் சட்டத்தில் கட்டிச் சாணைக்குப் பயன்படுத்துகின்றனர். 100 மில்லிமீட்டர் வட்டுள்ள அப்பொறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுழலும். விளிம்பு வேகம் நொடிக்கு 57 மீட்டர், அஃதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அது இரும்பை அறுக்கப் பிறந்தது. கத்தியைத் தீட்டப் பிறந்ததன்று. கத்தியின் பதமும் போகும், தவறினால் கையும் போகும். சாணைப் பொறியின் வட்டை அதில் மாட்டுதல் எக்காரணத்தாலும் கூடாது. அவ்வேகத்தைத் தாங்காமல் அது சிதறும்.

கல் வெடித்தல்

சாணைக்கல் பானைக்கு உடன்பிறப்பு என்றோம். மலைப்பாதையில் ஜீப்பில் குலுங்கி வந்த வட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். மாட்டுமுன் ஒரு விரலோ குச்சியோ துளையில் நுழைத்து வட்டைத் தொங்கவிட்டு, திருப்புளியின் மரக் கைப்பிடியால் விளிம்பருகே மெல்லத் தட்டுக. சந்தையில் பானை வாங்கும் தாய்மார்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே முறைதான். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தென்று ஒலித்தால் அதனைத் தூக்கி எறிந்துவிடுக. நட்டத்தைப் பாராதீர்கள்.

மாட்டுங்கால் இரு பக்கத்திலும் காகித வில்லை இருத்தல் வேண்டும். இடப்பக்கத்து மரை எதிர்த் திசையில் திருகுவது. அறியாமல் வலிந்து திருகிக் கெடுத்தல் வேண்டா. மறையை அளவிற்கு மிஞ்சி இறுக்கினாலும் கல் விரியும். மாட்டியபின் பக்கவாட்டில் விலகி நின்று, ஒரு நிமிடம் வெறுமே ஓடவிடுக. வெடிக்கும் கல் பெரும்பாலும் அந்த முதல் நிமிடத்திலேயே வெடிக்கும்.

மேடைக்கும் வட்டிற்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. கல் தேயத் தேய மேடையை நெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அலகு இடையில் சிக்கிக் கல்லைப் பிளக்கும், விரலையும் உள்ளிழுக்கும். வட்டின் பக்கத்தில் தீட்டுதல் கூடாது. முகத்தில் மட்டுமே தீட்டுக. அலுமினியம், பித்தளை, மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றைச் சாணையில் பிடித்தால், அவை கல்லின் துளைகளை அடைத்துச் சூடேற்றும். அடைபட்ட கல்லைச் சீவிப் புதுமுகம் காட்டும் 'டிரெஸ்ஸர்' என்னும் சிறு கருவியையும் பொறியோடு சேர்த்தே வாங்கிவிடுதல் நலம்.

கண்ணும் மூச்சும்

பொறியில் உள்ள கண்ணாடித் தடுப்பை மட்டும் நம்பற்க. பக்கமும் மூடிய காப்புக் கண்ணாடியைத் தீட்டுவோர் அணிதல் வேண்டும். அருகில் நின்று வேடிக்கை பார்ப்பவரை அப்புறப்படுத்துதல் வேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தீப்பொறி அழகாகத் தோன்றும். அவர்களை அழைத்து வைத்துக்கொண்டு காட்டாதீர்கள்.

கண்ணில் இரும்புத் துகள் பட்டுவிட்டால் கசக்குதல் கூடாது. முந்தானை முனையாலோ தீக்குச்சியாலோ எடுக்க முயலுதல் கூடாது. தாய்ப்பாலோ எண்ணெயோ விடுதலும் கூடாது. சுத்தமான நீரால் கழுவுக. துகள் நீங்கவில்லை எனினும், உறுத்தல் தொடரினும், அன்றே கண் மருத்துவரிடம் செல்லுக. கருவிழியில் தங்கிய இரும்பு துருப்பிடித்து வளையம் கட்டும். நாள் கடந்தால் தழும்பாகிப் பார்வையை மறைக்கும். துகள் கண்ணைத் துளைத்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால் கண்ணை அழுத்தாமலும் கழுவாமலும் மூடி, உடனே புறப்படுதல் வேண்டும். மலையிலிருந்து இறங்கினால் தேனியிலேயே 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கி வருகின்றது. ஒரு நாள் கூலி போகின்றதே என்று கண்ணை ஒத்திவைத்தவர், பின்னர் எத்தனை நாள் கூலி கொடுத்தாலும் அதனை மீட்டல் அரிது.

தூசியும் சிறிய பகையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரத்தில் மணற்கல்லில் கத்தி தீட்டிய தொழிலாளர், நுரையீரல் நோயால் இளமையிலேயே மாண்டனர். இன்றைய செயற்கைக் கல் அத்துணைக் கொடியதன்று எனினும், கதவடைத்த அறையில் தீட்டாமல் காற்றோட்டமான இடத்தில் முகமூடி அணிந்து தீட்டுதலே அறிவுடைமை. தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, விரித்த கூந்தல், துணிக் கையுறை ஆகியவை சுழலும் வட்டில் சிக்கும், அவை வேண்டா.

தீட்டும் முறை

பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொள்க. அலகை மேடைமீது சாய்த்து, ஒரே கோணத்தில், இடமிருந்து வலமாக நிற்காமல் நகர்த்துக. ஓரிடத்தில் நின்றால் அங்கே குழியும் விழும், சூடும் ஏறும். கையுறையின்றிப் பிடித்திருப்பதால், விரலுக்குச் சூடு தெரியுமுன்னரே தண்ணீரில் தோய்க்க வேண்டும். நிறம் மாறியபின் தோய்ப்பது பயனற்றது. நுனி மிக மெல்லியதாகுமுன் பொறியை நிறுத்திவிடுக. எஞ்சியதைக் கைக்கல் முடிக்கட்டும். 'பதறாத காரியம் சிதறாது' என்பது சாணைக்கு மிகப் பொருந்தும் பழமொழி.

கோணம் கருவிக்கேற்ப மாறும். காய்கறிக் கத்திக்குப் பக்கத்திற்கு 15 முதல் 20 பாகை. கிளை வெட்டும் கத்திக்கு ஏறத்தாழ 25 பாகை. மிகக் கூர்மையாக்கிய வெட்டுக்கத்தி முதல் கணுவிலேயே வாய் உடையும். தீட்டி முடித்தவுடன் அலகின் மறுபுறம் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அதனைக் கைக்கல்லின் நுண்புறத்தில் இருபக்கமும் மாற்றி மாற்றி இழுத்து நீக்கினால்தான் கூர்மை நிலைக்கும். பிசிறோடு விட்ட கத்தி காலையில் கூராகத் தோன்றிப் பத்து மணிக்குள் மழுங்கும்.

கூர்மையாக்கிய அலகிற்கு உறை செய்தலும் தீட்டும் வேலையின் ஒரு பகுதியே. போடிமெட்டு, கம்பம்மெட்டுப் பாதைகளில் ஆட்கள் நெருங்கி அமர்ந்து செல்லும் ஜீப்புகளில், உறையில்லாத கத்திகள் காலடியில் கிடத்தல் பேராபத்து. பழைய இரப்பர்க் குழாயைக் கீறி அலகின்மேல் மாட்டினாலும் போதும், செலவு ஒன்றுமில்லை.

தனித்தனியே வேண்டுமா?

இறுதியாக ஒன்று சொல்லுவோம். லயத்தில் பத்து வீடு இருப்பின் பத்துப் பொறி வேண்டுவதில்லை. ஒரு வீட்டின் முதல் வகைக் கருவிகளுக்கு ஆண்டிற்குச் சில மணி நேரமே பொறி தேவைப்படும். எஞ்சிய நாளெல்லாம் அது துருவேறிக் கிடக்கும். பத்துக் குடும்பம் பணம் சேர்த்தால், மட்டமான பத்துப் பொறியின் விலைக்குள் மெதுவாகச் சுழலும் நல்ல பொறி ஒன்றும், வெள்ளைக் கல்லும், டிரெஸ்ஸரும், காப்புக் கண்ணாடிகளும் வாங்கிவிடலாம். பொறுமையுள்ள ஒருவர் கையில் அதனை ஒப்படைத்து, கண்ணாடி அணியாதவர் அதனைத் தொடலாகாது என்று விதி செய்துகொள்ளுங்கள்.

வீதியில் மிதிவண்டியில் சாணை ஏற்றிக்கொண்டு வரும் தொழிலாளியையும், பட்டறையில் அமர்ந்த கொல்லரையும் மறந்துவிடுதல் முறையன்று. வாய் பெரிதும் உடைந்த அரிவாளுக்கும், பதம் போன கோடரிக்கும் பொறி மருந்தாகாது. உலையும் சுத்தியலும் அறிந்த கையே மருந்து. அத்தகையோரிடம் கருவியைக் கொடுக்கும்போது, அவர் எவ்வளவு மெல்ல அழுத்துகின்றார், எத்தனை முறை நீரில் தோய்க்கின்றார் என்று அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகமும் கற்பிக்காததை அக்கை கற்பிக்கும்.

இத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லும் அன்பர்கள் தகட்டில் சுற்று எண்ணைப் படிக்கட்டும். கல்லைத் தட்டிப் பார்க்கட்டும். மேடையை அழுத்திப் பார்க்கட்டும். காப்புக் கண்ணாடியையும் அதே இரசீதில் சேர்த்து எழுதச் சொல்லட்டும். கண்ணாடிக்குப் பணம் போதவில்லை எனின், பொறியை அடுத்த திங்களுக்குத் தள்ளிவைக்கட்டும். அதுவரை கைக்கல் இருக்கின்றது.